விளைநிலத்துப் பெருங்கொக்கு: வேலிக்கு வெளியே ஒரு பாதுகாப்பு

கண்ணமங்கலம், ஆரணி வட்டாரத்து ஏரிகளிலும் நடவு வயல்களிலும் அன்றாடம் காணும் வெண்கொக்குகள் பெருங்கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. வெண்கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும். மரத்தில் கூடு கட்டும். பெருங்கொக்கு கழுத்தை நீட்டிப் பறக்கும். இந்தியாவில் காணப்படும் பெருங்கொக்குகளுக்குப் பின்விரல் சிறுத்து மேலேறி இருப்பதால் கிளையைப் பற்றி அமர இயலாது. தரையிலோ ஆழமற்ற நீரிலோதான் அவை கூடமைக்க வேண்டும். அந்தத் தரையும் நீரும் பெரும்பாலும் உழவர் கையில் உள்ளவை. எனவே பெருங்கொக்குகளின் எதிர்காலத்தைக் காப்பகங்களைவிட விளைநிலங்களே தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதற்சான்று சாரஸ் கொக்கு. பறக்கும் பறவைகளில் இதுவே மிக உயரமானது, ஏறத்தாழ 1.8 மீட்டர் வரை நிற்கும். சாம்பல் நிற உடல், இறகற்ற செந்நிறத் தலையும் மேற்கழுத்தும், செம்மை படர்ந்த கால்கள் இதன் அடையாளங்கள். நீண்டகாலம் பிரியாத இணையாக வாழ்ந்து, தன் எல்லையைக் காக்கும். ஆணும் பெண்ணும் ஒருசேரக் குரலெழுப்புவதும் சிறகு விரித்துத் துள்ளி ஆடுவதும் அந்த உறவின் வெளிப்பாடுகள். பருவமழைக் காலத்தில், தேங்கிய நீரில் தாள்களையும் கோரைகளையும் குவித்துப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தாம் வளர்த்த இணை அடைகாத்த முறையைத் தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாகப் பதிந்துள்ளார்.

இவ்வினத்தின் முக்கிய வாழிடம் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா, மைன்புரி பகுதிகளில் நெல்வயலும் குட்டையும் கலந்து கிடக்கும் சமவெளி. அங்கே நெடுங்காலம் ஆய்வு செய்த கே. எஸ். கோபி சுந்தர், உழவு நிலத்திலேயே இப்பறவைகள் இனப்பெருக்கம் செய்வதை ஆவணப்படுத்தினார். கூட்டைச் சுற்றிச் சில நாற்றுகள் சாய்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் உழவரும், வயல்களுக்கிடையே தூர்க்கப்படாமல் விடப்பட்ட குட்டைகளும் இதற்குக் காரணம்.

எதிர்ச்சான்று சைபீரியக் கொக்கு. வெள்ளுடலும் கருஞ்சிறகு நுனியும் சிவந்த முகமும் கொண்ட இப்பறவை, நீருக்கடியில் கோரைக் கிழங்குகளைத் தோண்டி உண்ணும். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் சதுப்பில் 1960களில் ஏறத்தாழ 200 பறவைகள் குளிர்காலத்தைக் கழித்தன. கடைசி இணை அங்கே காணப்பட்டது 2001–02 குளிர்காலத்தில். 1982இல் பூங்காவுக்குள் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எருமைகள் தின்றுவந்த பாஸ்பலம் என்னும் நீர்ப்புல் அதன்பின் பெருகித் திறந்த நீர்ப்பரப்பை மூடியதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு காட்டியது. மேற்கு சைபீரியாவிலிருந்து வரும் வழியில் நடந்த வேட்டையே அழிவுக்குப் பெருங்காரணம் என்பதை ஏற்க வேண்டும். ஆயினும் அதுவும் இவ்வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது: வேலிக்குள் தரும் காவல் வேலிக்கு வெளியே பறக்கும் பறவையைக் காக்காது.

விளைநிலம் இடரற்றது என்று இதனால் கூறிவிட முடியாது. 1980களின் இறுதியில் கேவலாதேவைச் சுற்றியிருந்த வயல்களில் ஆல்டிரின் பூச்சிக்கொல்லி கலந்த விதைகளைத் தின்று சாரஸ் கொக்குகள் மடிந்தன. மின்கம்பிகளில் மோதியும் பல இறக்கின்றன. குட்டைகள் மண்ணடித்து மனையாகின்றன. இவை அனைத்தும் வேளாண்மை, மின்வாரியம், நிலப் பதிவு ஆகியவற்றின் முடிவுகளால் விளைபவை. வனத்துறை தனித்து நின்று தடுக்கக்கூடியவை அல்ல. ஆகவே விளைநிலத்தைப் பாதுகாப்பு எல்லைக்குள் கொண்டுவருவதை இந்த இடர்களே கட்டாயமாக்குகின்றன.

தமிழ்நாட்டில் பெருங்கொக்குகள் இனப்பெருக்கம் செய்வதில்லை. எனினும் இக்கொள்கை நமக்குப் புதிதன்று. வேடந்தாங்கல் மக்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும் உரிமையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பயனும் பரிவும் ஒன்றிய அந்த ஏற்பாடு இன்றும் நிலைத்திருக்கிறது. உழவருக்குப் பயிர் இழப்பீடு, பொதுக் குட்டைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு, கூடுள்ள இடங்களில் மின்கம்பி மாற்றியமைப்பு ஆகிய மூன்றையும் மாநில அரசுகள் ஒரே திட்டமாக ஏற்க வேண்டும். அதற்கான நிதி காப்பகங்களின் பங்கிலிருந்து பிடுங்கப்படாமல், வேளாண் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும்.