தாழ்த்தல் என்னும் கலைச்சொல்

தமிழிலே கலைச்சொல் ஆக்குவது பற்றிப் பேசுவோர் பலர். ஆக்கிய சொல் பின்னர் என்னவாயிற்று என்று திரும்பிப் பார்ப்போர் சிலரே. இன்று இரசாயனவியலில் வழங்கும் ஒரேயொரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'தாழ்த்தல்' என்பது அச்சொல்.

இலங்கையில் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் கற்றவர்கள் 'ஒட்சியேற்றம், தாழ்த்தல்' என்ற இணையை மறந்திருக்கமாட்டார்கள். ஒட்சிசன் சேர்ந்தால் ஒட்சியேற்றம், நீங்கினால் தாழ்த்தல். மேல்வகுப்பிலே வேறொரு வரைவிலக்கணம் வந்துசேரும்: இலத்திரனை இழத்தல் ஒட்சியேற்றம், இலத்திரனைப் பெறுதல் தாழ்த்தல். இங்கேதான் மாணவர் தடுமாறுகின்றனர். ஒன்றைப் பெறுவது எப்படித் தாழ்வாகும்? கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடச் சொல்லின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டும்.

ஆங்கிலத்தில் இதனை 'ரிடக்சன்' என்பர். அதன் வேர் 'ரெடூக்கெரே' என்னும் இலத்தீன் வினை. திருப்பிக் கொண்டுவருதல் என்பதே அதன் பொருள். இது உலைக்களத்திலே பழகிய சொல். உலோகத்தைக் காற்றிலே சுட்டால் அது நீறாகும். நம் சித்த மருத்துவர் பற்பம் என்பார்களே, அதையொத்தது. அந்த நீற்றைக் கரியோடு சேர்த்து மீண்டும் சுட்டால் உலோகம் திரும்பக் கிடைக்கும். போனது மீண்டது, ஆகவே அது 'மீட்பு'. இதில் இழிவும் இல்லை, தாழ்வும் இல்லை.

ஏன் மீள்கிறது என்பதற்கு 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேர்மானியராகிய ஸ்டால் ஒரு விளக்கம் சொன்னார். எரியும் பொருள்களிலெல்லாம் புளோஜிஸ்தன் என்றொன்று உண்டு. உலோகம் சுடப்படும்போது அது வெளியேறும். கரி அதைத் திருப்பிக் கொடுக்கும் என்றார். அழகான விளக்கந்தான். ஆனால் தராசு உடன்படவில்லை. நீறு உலோகத்திலும் பாரம் கூடியிருந்தது. ஒன்றை இழந்த பொருள் எங்ஙனம் பாரம் கூடும்? காற்றின் ஒரு பகுதி உலோகத்தோடு சேர்கிறது என்று பிரான்சிலே இலவோசியே நிறுவினார். 1774 இல் இங்கிலாந்தில் பிறீஸ்லி இரசத்தின் செந்நீற்றைச் சூடாக்கிப் பெற்ற வாயுவே அந்தப் பகுதி. அதற்கு 'அமிலம் பிறப்பிப்பது' என்ற பொருளில் ஒட்சிசன் எனப் பெயரிட்டவரும் இலவோசியேதான். அந்தப் பெயரே பிழை என்பது வேறு கதை. 1810 இல் டேவி குளோரீனை ஒரு மூலகமென்று காட்டியபோது, ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசனுக்கு இடமில்லை என்பது தெளிவாயிற்று. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

கொள்கை கவிழ்ந்தபோதும் 'ரிடக்சன்' கவிழவில்லை. மீட்பு என்றிருந்தது ஒட்சிசன் நீக்கம் என்றாயிற்று. 1897 இல் தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்த பின்னர், இலத்திரன் பெறுதல் என்ற மூன்றாம் பொருளும் அதன்மேல் ஏறிற்று.

இத்தகைய சொல்லைத் தமிழாக்குவது இலேசான காரியமா? மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 1875 இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயரே 'கெமிஸ்தம்'. ஒலியைக் கொள்வதா, பொருளைக் கொள்வதா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. 1936 இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். அத்தகையோர் பலர் இருந்திருந்தால் நம் சொற்றொகுதிகள் வேறுவிதமாக அமைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நம்முடைய 'தாழ்த்தல்', குறைத்தல் என்ற பிற்கால ஆங்கில வழக்கைத் தழுவியது போலத் தோன்றுகிறது. சிங்களத்தில் 'ஒக்சிஹரணய' என்பர். ஒட்சிசனைக் கவர்ந்து நீக்குதல் என்று விளங்கும். ஒட்சிசனே இல்லாத தாக்கங்களுக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டார் 'ஒடுக்கம்' என்கின்றனர். முதலிற் கேட்கும்போது யாரையோ அடக்குவது போலத் தொனிக்கும். ஆனால் சைவசித்தாந்தம் பயின்றவர் சற்று நின்று யோசிப்பார். தோற்றம், நிலை, ஒடுக்கம் என்னும்போது, ஒடுக்கமாவது அழிவன்று. தோன்றிய பொருள் தன் காரணத்திலே திரும்பச் சேர்தல். இலத்தீன் வேருக்கு இதைவிட நெருங்கிய தமிழ் கிடைப்பது அரிது. அதை உணர்ந்துதான் தேர்ந்தார்களோ, தற்செயலோ, சொல் நன்றாக அமைந்துவிட்டது.

அதற்காக நம் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. இலத்திரன் மறையேற்றம் உடையது. அதைப் பெறும் அணுவின் ஒட்சியேற்ற எண் இறங்குகிறது. ஆக, தாழ்வது அந்த எண். உலைக்களக் காலத்திற் பொருந்தாத 'தாழ்த்தல்' இலத்திரன் காலத்தில் முன்னிலும் நன்றாகப் பொருந்துகிறது. ஆசிரியர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் மாணவருக்கு மனனஞ் செய்யும் தொல்லை பாதி குறையும். வகுப்பிலே நாகத் துண்டொன்றை நீலநிறச் செப்புச் சல்பேற்றுக் கரைசலில் இட்டுக் காட்டலாம். நாகம் இலத்திரன்களைக் கொடுத்துக் கரையும். செப்பின் எண் இரண்டிலிருந்து பூச்சியத்துக்குத் தாழும். நீலம் மெல்ல மங்கும். கரைசலுக்குள் மறைந்திருந்த செம்பு, செம்பாகவே திரும்பி வந்து நாகத்தின்மேற் படியும்.