புடைத்த மூடிகள்



சென்ற பள்ளி விடுமுறையில் பண்டக அறையை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தபோது பழைய சுண்ணக்கட்டிப் பெட்டி ஒன்று கைக்கு அகப்பட்டது. உள்ளே சுண்ணக்கட்டி இல்லை. விரல்நுனி அளவே உள்ள சிற்றுருளைகள் ஐம்பதுக்கும் மேல் கிடந்தன. ஒவ்வொன்றின் தலையும் உப்பிப் பிளந்து, பிளவில் பழுப்பு நிறப் பொருக்கு படிந்திருந்தது. உடனிருந்த இளம் ஆசிரியை, “இதெல்லாம் என்ன சார், பட்டாசா?” என்று கேட்டார். ஆசிரியர் கல்விக் கழகத்திலிருந்து வந்து ஈராண்டே ஆனவர். அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்குச் சொன்ன கதையைத்தான் இங்கும் எழுதி வைக்கிறேன்.

நான் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தது 2003-ஆம் ஆண்டு. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கிய ஆண்டு அது. பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் ஒளிவீழ்த்திகளும் வந்து கொண்டிருந்த காலம். ஆசிரியர்களில் வயதில் இளையவன் என்ற ஒரே தகுதியால் கணினிக்கூடப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இருபது கணினிகள். எந்த நிறுவனத்தவை, யார் கொடுத்தவை என்பதை இங்கே எழுதப் போவதில்லை; அது இக்கட்டுரைக்குத் தேவையும் இல்லை.

2005-இல் தொல்லை தொடங்கியது. காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலும், திரை கறுப்பாகவே இருக்கும். நான்காம் ஐந்தாம் முறை அழுத்தினால் உயிர் வரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்து மீண்டும் எழும். பிள்ளைகள் பாதி தட்டச்சு செய்த கட்டுரை காற்றோடு போகும். பழுது பார்க்க வந்த பணியாளர் மூடியைத் திறக்காமலே காரணம் சொன்னார்: மாணவர்கள் பொத்தானைக் கண்டபடி அழுத்துகிறார்கள், தூசு, இடி மின்னல். நாங்களும் நம்பினோம். ஆசிரியரைத் தவிர யாரும் பொத்தானைத் தொடக் கூடாது என்று கூடத்தின் கதவில் அறிவிப்பு ஒட்டினோம்.

அந்த அறிவிப்பு ஒட்டிய மறுவாரம், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அமர்ந்திருந்த கணினி அணைந்து போனது. அவன் விரல் பொத்தானில் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் ஏதோ சொல்ல வந்தான், நான் கேட்கவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவனுக்குக் கணினிக்கூடத்தில் இடமில்லை என்று தண்டனை கொடுத்தேன். மற்றவர்கள் உள்ளே இருக்க, அவன் வெளி நடைகூடத்தில் நாற்காலி போட்டுப் பயிற்சிப் புத்தகம் எழுதினான்.

உண்மை தெரிந்தது 2006 இறுதியில், அவன் ஆறாம் ஆண்டு முடித்துப் போன பிறகு. பட்டணத்தில் கணினிப் பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் பள்ளிக் கணினி ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். அவர் பக்கத் தகட்டைக் கழற்றி, கைவிளக்கை உள்ளே அடித்து, ஒரு சொல்லும் பேசாமல் விரலால் காட்டினார். தாய்ப்பலகையில், அதாவது நாம் பேச்சில் மதர்போர்டு என்கிற பலகையில், செயலிக்கு அருகே வரிசையாக நின்ற உருளைகளில் ஐந்தின் தலை புடைத்திருந்தது. “சிக்கு, இது பிள்ளைகள் செய்தது அன்று, தொழிற்சாலையில் செய்தது” என்று மலாயில் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த உருளைகளின் பெயர் மின்தேக்கி. கடையில் கெப்பாசிட்டர் என்று கேட்க வேண்டும். இரண்டு அலுமினியத் தகட்டுத் தாள்களுக்கு நடுவே, மின்பகுநீர்மத்தில் நனைத்த காகிதத்தை வைத்துப் பாய்போல் சுருட்டி, அலுமினியக் குப்பிக்குள் அடைத்திருப்பார்கள். தாளின் மேல் படிந்துள்ள மிக மெல்லிய ஆக்சைடு படலமே காப்பு. செயலி ஒரு கணம் நிறைய மின்னோட்டம் கேட்கும், மறுகணம் குறைவாகக் கேட்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வீட்டுக்கூரையின் நீர்த்தொட்டிபோல் நிரவிக் கொடுப்பது இதன் வேலை. குப்பியின் தலையில் குறுக்காகக் கீறல் போட்டிருப்பது அழகுக்காக அன்று. உள்ளே அழுத்தம் கூடினால் வெடித்துச் சிதறாமல் அந்தக் கீறல் வழியே மெல்லப் பிளக்க வேண்டும் என்பதற்காக.

1990-களின் இறுதியில் செயலிகளின் மின்பசி கூடியது. ஒன்றரை வோல்ட் அளவே அழுத்தம், ஆனால் பல பத்து ஆம்பியர் மின்னோட்டம். அதற்கு உள்தடை மிகக் குறைந்த மின்தேக்கிகள் தேவைப்பட்டன. ஜப்பானிய நிறுவனங்கள் நீர் மிகுதியாகக் கலந்த புதிய நீர்மத்தால் அதைச் செய்து காட்டின. நீர் மலிவு, நீர் மிகுந்த நீர்மம் மின்னையும் நன்றாகக் கடத்தும். ஆனால் நீரும் அலுமினியமும் கலந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வளி உண்டாகும். அதைத் தடுக்கும் சேர்மங்களை அளவறிந்து சேர்ப்பதில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருந்தது.

அந்த வித்தை திருடப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ‘பேசிவ் காம்போனென்ட் இண்டஸ்ட்ரி’ என்னும் தொழில் இதழ் 2002 செப்டம்பரில் இதனை வெளியிட்டது. ஜப்பானின் ரூபிகான் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் ஒருவர் அங்கிருந்து விலகிச் சீன நிறுவனம் ஒன்றில் சேர்ந்து அந்நீர்மத்தின் நகலை உருவாக்கினாராம். அங்கிருந்து விலகிய சிலர் அந்த நகலின் குறையான குறிப்பை எடுத்துச் சென்று தைவான் உற்பத்தியாளர்களுக்கு மலிவாக விற்றார்களாம். துப்பறியும் நாவல்போல் இருப்பதால் எல்லாரும் இதை விரும்பிச் சொல்கிறார்கள். கதையின் ஒவ்வொரு கண்ணியையும் நான் உறுதி சொல்ல மாட்டேன். நீர்மத்தின் குறை மட்டும் ஆய்வகத்தில் தெரிந்தது. பழுதான குப்பிகளைத் திறந்து ஆராய்ந்தவர்கள், சற்று அமிலமாக இருக்க வேண்டிய நீர்மம் காரத்தின் பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டார்கள். காக்க வேண்டிய சேர்மம் போதாமையால் குப்பிகள் தம்மைத் தாமே தின்றுகொண்டிருந்தன.

ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை நீண்ட இந்தத் தொல்லைக்கு ஆங்கிலத்தில் கொள்ளைநோய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தொழில் இதழ்களைப் பொறியாளர்கள் படித்தார்கள். வீட்டில் கணினி வைத்திருந்தவர் யார் படித்தார்? அவர்களுக்குச் செய்தியைக் கொண்டு சேர்த்தவர்கள் கணினி ஆர்வலர்களே. செயலியை அதன் எல்லைக்கு மேல் விரைவாக ஓட்டிப் பார்க்கும் ஒரு கூட்டம் உண்டு. பெட்டி எப்போதும் திறந்தே கிடக்கும். ஆகவே புடைப்பு முதலில் அவர்கள் கண்ணில் பட்டது. அமெரிக்கரான கேரி ஹோல்ஸ்மன் தம் பழுது பார்க்கும் அனுபவத்தை எழுதி வெளியிட்ட பிறகே பொதுமக்கள் தங்கள் பெட்டிகளைத் திறந்து பார்க்கத் தொடங்கினர். தாய்ப்பலகை உற்பத்தியாளர்களில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது ‘அபிட்’ என்னும் தைவான் நிறுவனம் மட்டுமே என்று கூறுவர். மற்றவர்கள் பெரும்பாலும் வாய்மூடி இருந்தார்கள். (ஒப்புக்கொண்ட அபிட் 2008 இறுதியில் தாய்ப்பலகைத் தொழிலையே விட்டுவிட்டது.) ஆப்பிள் 2005-இல் தன் ஐமேக் ஜி5 கணினிகளுக்குப் பழுதுநீக்கக் காலத்தை நீட்டித்தது.

எனக்கு நெஞ்சில் தைத்தது டெல் நிறுவனத்தின் கதை. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அந்நிறுவனம் விற்ற ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் ஏறத்தாழ 11.8 மில்லியன் கணினிகள் இந்தக் குறைக்கு ஆளாகக் கூடியவை. 2005-இல் இதற்கென 300 மில்லியன் அமெரிக்க டாலர் செலவைக் கணக்கில் எழுதினார்கள். அந்தப் பலகைகளில் நின்றவை நற்பெயர் பெற்ற ஜப்பானிய நிறுவனமான நிச்சிகானின் மின்தேக்கிகள். ஆக, தைவான் திருட்டுக் கதை ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஒரு வாடிக்கையாளர் தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2010-இல் பொதுப்பார்வைக்கு வந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் அவற்றை விரிவாக எழுதியது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் கணினிகள் பழுதானபோது நிறுவனம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? கடினமான கணக்குகளைப் போட வைத்துக் கணினிகளைக் களைக்கச் செய்துவிட்டார்களாம்! கணிதத் துறை கணக்குப் போடாமல் வேறு என்ன செய்யும்? இதில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. டெல்லுக்காக வழக்காடிய சட்ட நிறுவனமே தன் 1,000 கணினிகளைச் சரிசெய்து தரும்படி கேட்டபோது டெல் தயங்கியதாம். குறையை வாடிக்கையாளரிடம் தாமாக எடுத்துச் சொல்ல வேண்டாம் என்று விற்பனைப் பணியாளர்களுக்கு அறிவுறுத்தியிருந்ததும் அந்த ஆவணங்களில் இருந்தது.

அச்செய்தியைப் படித்த அன்று நான் நினைத்தது டெல்லை அன்று. எங்கள் கூடத்துக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை.

பழுது நீக்கிய கதைக்கு வருகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் சிறு தொகை ஒதுக்கியது. அந்தச் சீனப் பெரியவரிடமே மூன்று சனிக்கிழமைகள் சென்று கற்றுக்கொண்டேன். இருபதில் பதின்மூன்று பலகைகளில் புடைப்பு இருந்தது, ஒன்பது மீண்டன. ஒன்றை நானே கொன்றேன். பழைய மின்தேக்கியின் கால் கழலவில்லை என்று பொறுமை இழந்து இழுத்தபோது, பலகையின் செப்புக்கோடும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. எதிர்முனைக் கால் பலகையினுள் அகன்ற செப்புத் தளத்தோடு இணைந்திருப்பதால் வெப்பத்தை எல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் எளிதில் உருகாது. வலிமையான கோலும், கொஞ்சம் புது ஈயமும், அதைவிட நிறையப் பொறுமையும் வேண்டும்.

மாற்றாக வாங்குவது வெறும் கொள்ளளவு பொருந்தினால் போதாது. 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் கொள்ளளவு அதே, வோல்ட் அதே அல்லது சற்று மேல், 105 பாகை செல்சியசு தாங்கக் கூடியது, உள்தடை குறைந்த வகை. இந்தக் கடைசித் தகுதியை விட்டுவிட்டுச் சாதாரண மின்தேக்கியைப் பொருத்தினால் சில மாதங்களில் மீண்டும் அதே கதைதான். முனை மாறினால் வெடிக்கக்கூடும். உருளையில் பட்டைக் கோடு உள்ள பக்கம் எதிர்முனை; ஆனால் பலகையில் அச்சிட்ட குறி எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுபோல் இராது. ஆகவே கழற்றுமுன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூடத்தில் பெரும்பாலும் சன்னலோர வரிசைக் கணினிகளே முதலில் போயின. மின்தேக்கியின் சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. பிற்பகல் வெயில் நேரே அடிக்கும் வரிசை அது.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. தாய்ப்பலகையைத் திறந்து பார்ப்பதில் ஆபத்து குறைவு. இணைப்பைப் பிடுங்கியிருந்தால் போதும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதனுள் உள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் மேல் ஏறியிருக்கும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது தங்கும். பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போதைய தாய்ப்பலகைகளில் இத்தகைய புடைப்பைக் காண்பது அரிது. நீர்மத்துக்குப் பதில் திண்மப் பாலிமர் இட்ட மின்தேக்கிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அட்டைப்பெட்டியிலேயே பெருமையாக அச்சிட்டு விற்றார்கள். ஆனால் தொலைக்காட்சி, கணினித்திரை, மின்வழங்கி ஆகியவற்றில் பழைய வகை இன்னும் உண்டு. காலையில் பல முறை அழுத்தினால்தான் எழும் கருவி வீட்டில் இருந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

அந்த மாணவனை 2008-இல் பள்ளி விளையாட்டுப் போட்டியன்று கண்டேன். தங்கையின் ஓட்டத்தைப் பார்க்க வந்திருந்தான். இடைநிலைப்பள்ளி இரண்டாம் படிவம். கூடாரத்துக்குப் பின்னால் அழைத்துச் சென்று நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். அவன் நெளிந்தான்.

“பரவால்ல சார். நான் அப்பவே சொல்ல வந்தேன். அது தானா அணைஞ்சு போச்சு. திரும்பப் போடத்தான் அமுக்கினேன்.”

அதற்குள் ஒலிபெருக்கியில் அவன் தங்கையின் பெயரை அழைத்தார்கள். அவன் தடத்தை நோக்கி ஓடினான்.