வாந்திபேதியும் ஒரு சிட்டிகை உப்பும்

கோவை நகருக்குச் சிறுவாணி நீர் வந்து சேர்ந்தது 1929-இல். அந்நீரைக் கொண்டுவரலாம் என்று எஸ்.பி. நரசிம்மலு நாயுடு 1889-இலேயே முன்மொழிந்திருந்தார். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளும் மக்கள் கிணறுகளையும் குளங்களையும் நம்பியே வாழ்ந்தனர். வாந்திபேதி என்ற சொல்லே அந்நாளில் வீடுகளை நடுங்க வைத்தது. பயணிகளுக்கும் அதே அச்சம்தான். 1865-இல் ஹஜ்ஜுக்குத் திரண்டோரிடையே பரவிய காலரா ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அதன் விளைவாக மறு ஆண்டே இஸ்தான்புல்லில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது.

தூய நீர் நோயைத் தடுக்கும். நோய் வந்தபின் என்ன செய்வது? தண்ணீர் தந்தால் போக்கு மிகும் என்று நோயாளியைத் தாகத்தில் வாட விட்டோர் அன்று பலர். (இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் அப்படித்தான் சொல்கின்றனர்.) உண்மையில் உயிரைப் பறிப்பது உடல் இழக்கும் நீரும் உப்புமே. சர்க்கரையோடு சேர்ந்து வரும் உப்பைக் குடல் நோயின்போதும் உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும். 1968-இல் டாக்காவில் காலரா நோயாளிகளிடம் இது மெய்ப்பிக்கப்பட்டது.

1971-இல் மேற்கு வங்கத்தின் பன்கானில் அகதிகள் குவிந்தனர். நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துவிடும் நிலை. மருத்துவர் திலீப் மஹலநபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பிவைத்து, உறவினரையே குவளையால் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை மடிந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நான்கிற்கும் கீழே இறங்கியது.

வங்கதேசத்தில் 1980 முதல் பிராக் அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, மூவிரல் சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் நீரில் கரைக்கக் கற்பித்தனர். தாய்மார்கள் அதை எவ்வளவு நினைவில் வைத்திருந்தனர் என்று சோதித்தே ஊழியருக்கு ஊதியம்! இதைவிடச் சிறந்த தேர்வுமுறையை நான் அறியேன்.

நமக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கிறது. பயணப் பையில் இரண்டு இருக்கட்டும். கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைக்க வேண்டும். உப்பு மிகக்கூடாது. வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தாதீர்கள். மலத்தில் இரத்தம், குழிந்த கண்கள், சிறுநீர் இன்மை, குழந்தையின் சோர்வு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரமலானில் பேதி கடுமையானால் நோன்பை விட்டுப் பின்னர் நோற்க நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு.