வேலை முதலில், பட்டம் பிறகு

எங்கள் தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் டாக்டர் பட்ட ஆய்வுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். இப்போது அது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய ஒப்பந்த வேலை. லிசான்ஸ், மாஸ்டர் முடித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியும். இந்த வரிசை தலைகீழாக நடந்த ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் செட்டுக்குத் தனிம அட்டவணையில் 87-ஆம் எண் பிரான்சியம் என்று மனப்பாடம். அதைக் கண்டுபிடித்தவர் மார்கரீத் பெரே என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும்.

1909-இல் பாரிசை அடுத்த வில்மோம்பிளில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். டாக்டருக்குப் படிக்க ஆசை, வீட்டில் பணமில்லை. பெண்களுக்கான தொழில்நுட்பப் பள்ளி ஒன்றில் வேதியியல் டிப்ளமோ வாங்கினார். 1929-இல், வயது இருபது ஆகுமுன், பாரிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேடியம் ஆய்வகத்தில் உதவியாளர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனார். கறுப்பு உடையில் ஓர் அம்மாள் வந்து பேசினார். ஆபீஸ் செக்ரட்டரி என்று இவர் நினைத்தார். அவர்தான் மேரி கியூரி! வேலை கிடைக்காது என்றே திரும்பினார். நியமன உத்தரவு வந்தது.

நான் ஆபீசில் எத்தனையோ நியமனக் கோப்புகள் பார்த்தவன். கல்வித் தகுதி ஒரு படி குறைந்தாலும் கோப்பு திரும்பிவிடும். கியூரி அம்மையார் பார்த்தது கை வேலையை. ஆக்டினியத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யும் நுணுக்கமான வேலையை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தார். 1934-இல் அவர் இறந்த பிறகும் பெரே அதையே தொடர்ந்தார்.

1939 ஜனவரியில், நன்றாகச் சுத்தம் செய்த ஆக்டினியத்தில் எதிர்பாராத ஒரு கதிர்வீச்சைக் கண்டார். ஆக்டினியத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு வேறு வழியில் சிதைந்து 87-ஆம் தனிமமாகிறது என்று நிரூபித்தார். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 22 நிமிடம். மளமளவென்று வேலை செய்யும் கை இல்லாவிட்டால் அது கண்ணில் பட்டிருக்காது. அதற்கு முன்பு சிலர் 87-ஐக் கண்டதாகச் சொல்லிப் பெயரும் வைத்தார்கள், எதுவும் நிற்கவில்லை.

தனிமத்தையே கண்டுபிடித்தாயிற்று, ஆனால் கையில் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. விதி விதிதானே! உதவித்தொகை கொடுத்து சோர்போனில் படிக்க வைத்தார்கள். டாக்டர் பட்டத்துக்கு முன் தேவையான பாடங்களையெல்லாம் எழுதித் தேறி, 1946-இல் பட்டம் வாங்கினார். வேலையில் சேர்ந்து பதினேழு வருஷம் கழித்து.

பிறகு பதவிகள் வேகமாக வந்தன. தேசிய ஆய்வு மையத்தில் ஆய்வாளர். 1949-இல் ஸ்திராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு வேதியியல் பேராசிரியர். 1911-இல் மேரி கியூரியையே மிகச் சில வாக்குகளில் தள்ளிய அறிவியல் அகாதெமி, 1962-இல் இவரைத் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1666-இல் தொடங்கிய அந்த அவையில் இடம் பெற்ற முதல் பெண் இவர்தான்.

அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. அந்தக் காலத்தில் ஆய்வகத்தில் கதிர்வீச்சுக்குச் சரியான பாதுகாப்பு கிடையாது. புற்றுநோயோடு பல வருஷம் போராடி 1975 மே 13-ஆம் தேதி காலமானார். வயது 65.