போர்ட்டோ நோவோ

பழைய ஆவணங்களில் 'போர்ட்டோ நோவோ' என்று தேடப் போனால், ஒன்றுக்கொன்று ஒட்டாத சரக்கெல்லாம் ஒரே வலையில் வந்து விழும். ஹைதர் அலி தோற்ற ஒரு போர், திருமால் நிற்கும் தங்கக் காசு, சேலத்து இரும்பு, ஆப்பிரிக்க அரசர் ஒருவரின் அரண்மனை, அட்லாண்டிக் தீவொன்றில் படகுத்துறை, இத்தாலியில் பாறையில் ஒட்டி வளரும் சிப்பி. இவற்றுள் முதல் மூன்றும் நம்முடைய பரங்கிப்பேட்டைக்கு உரியவை. மற்றவை உலகின் வேறு மூலைகளைச் சேர்ந்தவை.

சொல்லின் பொருளில் புதிர் ஒன்றுமில்லை. போர்த்துக்கீசியத்தில் 'போர்ட்டோ' துறைமுகம், 'நோவோ' புதிது. இந்த 'போர்ட்டோ' லத்தீன் 'போர்ட்டுஸ்' என்பதன் பேரப்பிள்ளை. வாசலைக் குறிக்கும் 'போர்ட்டா' அதற்கு உடன்பிறப்பு. ஆற்றில் இறங்கிக் கடக்கும் இடத்தைச் சொல்லும் ஆங்கில 'ஃபோர்ட்' (ஆக்ஸ்ஃபோர்டில் வருகிறதே, அது) அதற்குத் தூரத்து உறவு. மூன்றுக்கும் அடியில் கிடக்கும் பழைய கருத்து, கடந்து போகும் வழி என்பதே. தமிழில் இந்த வேலையைத் 'துறை' ஒற்றையாளாகச் செய்கிறது. குளிக்க இறங்கும் படியும் துறை, ஆற்றைக் கடக்கும் இடமும் துறை, கப்பல் நிற்கும் இடமும் துறை. இரண்டு சொற்களுக்கும் உறவு கிடையாது. தண்ணீரோரம் வாழ்ந்தவர்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாம் அடிக்கடி சொல்லும் 'ஆப்பர்ச்சூனிட்டி'கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளை. துறைமுகத்தை நோக்கி வீசும் காற்றுக்கு ரோமானியர் வைத்த பெயரடையிலிருந்து பிறந்தது அது.

போர்ச்சுகலே ஒரு துறைமுகத்தின் பெயரால் ஆன நாடு. டூரோ ஆற்று முகத்தில் இருந்த 'போர்ட்டுஸ் காலே' என்ற ஊர்ப்பெயர் நாட்டின் பெயராகிவிட்டது. ஊரோ வெறும் 'போர்ட்டோ' ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் முன்னால் ஓர் 'ஓ' சேர்த்துச் சொல்வதைக் கேட்ட ஆங்கிலேயர், அதையும் பெயரின் பகுதி என்று எண்ணி 'ஒப்போர்ட்டோ' என்று எழுதினார்கள். அங்கிருந்து கப்பலேறிய திராட்சை மது 'போர்ட்' ஆயிற்று. ஆங்கிலேயருக்கு இப்படிக் கேட்பது வழக்கம்தான். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்குப் போர்த்துக்கீசியர் 'பாறைகளின் முனை' என்ற பொருளில் வைத்த பெயரை, பெத்ரோ என்ற ஆளின் முனையாக்கி 'பாயின்ட் பெட்ரோ' என்று எழுதியவர்களும் அவர்களே.

இப்படித் துறைமுகத்தைப் பெயரிலேயே சுமந்த நாட்டார் கடலேறிப் போன இடமெல்லாம் இன்னொரு போர்ட்டோ முளைத்ததில் வியப்பில்லை. 16ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு நாகப்பட்டினம் இருந்தது, மயிலாப்பூரில் சாந்தோம் இருந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இடையே வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் மற்றொரு குடியிருப்பு அமைத்தபோது, இருப்பவற்றோடு ஒப்பிட அது புதியது. ஆகவே போர்ட்டோ நோவோ. பெயருக்காக அதிக நேரம் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கண்டுகொள்ளவே இல்லை. புதுத் துறை என்று மொழிபெயர்க்கவும் இல்லை. பக்கத்திலேயே 'புதுச்சேரி' இருக்கும்போது அப்படி ஒரு பெயர் வைப்பது தமிழனுக்குக் கஷ்டமான காரியமல்ல. ஆனால் அவர்கள் கண்ணில் பட்டது துறையின் புதுமையல்ல, வந்திறங்கிய ஆள். வந்தவன் கரைக்குப் பெயர் வைத்தான். கரையில் இருந்தவர்கள் வந்தவனைப் பெயராக்கினார்கள். பறங்கியன் இருக்கிற பேட்டை, பறங்கிப்பேட்டை.

'பறங்கி'யும் இங்கே பிறந்த சொல் இல்லை. சிலுவைப் போர்க் காலத்தில் பிரெஞ்சு நாட்டுப் பக்கமிருந்து வந்த 'ஃப்ராங்க்' இனத்தாரின் பெயரை அரபியர் மேற்கு ஐரோப்பியர் எல்லாருக்கும் பொதுவாக்கினர். 'ஃபரங்க்', 'ஃபிரங்கி' என்று அது பாரசீகம் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. தாய்லாந்தில் இன்றைக்கும் வெள்ளைக்காரர் 'ஃபராங்'தான். தமிழில் 'ஃப' இல்லாததால் 'ப' நின்றது. ஆக, ஃப்ராங்குகளுக்கு நேரடி வாரிசல்லாத போர்த்துக்கீசியர், அவர்கள் பெயரை அரபியர் வாயால் பெற்றுத் தமிழில் சுமந்தார்கள். அகராதி வல்லின 'ற' போடுகிறது, அரசுப் பலகை இடையின 'ர' போடுகிறது. நான் ஊருக்குப் பலகையையும் சொல்லுக்கு அகராதியையும் பின்பற்றுகிறேன்.

அந்தச் சொல் தமிழில் நன்றாகக் காய்த்தது. அமெரிக்காவிலிருந்து அவர்கள் கொண்டுவந்த காய் பறங்கிக்காய். அவர்கள் குடியிருந்த குன்று பறங்கிமலை. அவர்களோடு கரையேறியதாக ஊர் நம்பிய நோய் பறங்கிப்புண். அந்தப் புண்ணுக்குச் சித்த மருத்துவர்கள் எடுத்துக்கொண்ட சீனத்துக் கிழங்கு பறங்கிப்பட்டை; ர, ற பேதத்தை விட்டால், நம் ஊர்ப்பெயருக்கும் அதற்கும் ஓர் ஏகாரம்தான் வித்தியாசம். இலங்கையில் பறங்கியர் ஒரு சமூகத்தின் பெயராகவே நின்றுவிட்டது.

ஊருக்கு மூன்றாவது பெயர் ஒன்றும் உண்டு: முகமது பந்தர். 'பந்தர்' பாரசீகத்தில் துறைமுகம். மசூலிப்பட்டினத்தை வெறும் 'பந்தர்' என்றே அழைத்த காலம் இருந்தது. இங்கே மரக்காயர்களின் கப்பல்கள் துணி ஏற்றிக்கொண்டு அச்சே, மலாக்கா என்று கீழைக்கடல் ஊர்களுக்குப் போய்வந்தன. போர்த்துக்கீசியருக்குப் பின்வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கிடங்கு வைத்ததும் அந்தத் துணிக்காகத்தான். பதிற்றுப்பத்தில் வரும் 'பந்தர்' என்ற ஊரையும் இந்தப் பாரசீகச் சொல்லோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது செரிக்கவில்லை. குடல் குடர் ஆவது போல, பந்தல் பந்தர் ஆவது தமிழுக்குள்ளேயே நடக்கிற காரியம். அதற்குப் பாரசீகம் வரை போகவேண்டிய தேவையில்லை.

ஐரோப்பியர் ஒருவரையொருவர் எப்படி நடத்தினார்கள் என்பதற்கு இந்த ஊர் நல்ல சாட்சி. 1731இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். அதன் இரண்டாவது கப்பல், அரசி உல்ரிகா எலியனோராவின் பெயர் தாங்கியது, 1733இல் இங்கே வந்து சரக்கை இறக்கிக் கிடங்கு போட்டது. ஒருவரை ஒருவர் பார்க்கப் பிடிக்காத சென்னை ஆங்கிலேயரும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரும், புது வியாபாரி ஒருவன் வருகிறான் என்றதும் கைகோத்தார்கள். ஆள் அனுப்பிக் கிடங்கைக் கைப்பற்றிச் சரக்கை அள்ளிக்கொண்டார்கள். ஐரோப்பியத் தலைநகரங்களில் இது பல காலம் வழக்காக இழுத்தது. ஸ்வீடன் நாட்டு வணிக வரலாற்றில் போர்ட்டோ நோவோ என்றால் இன்றும் இந்தக் கொள்ளைதான்.

ஆங்கிலேயருக்கோ அது வெற்றியின் பெயர். 1781 ஜூன் 18 அன்று சிதம்பரத்தில், கோட்டையாக்கப்பட்டிருந்த கோயிலைத் தாக்கி ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் தோற்றுத் திரும்பினார். கடற்படையின் துணையும் உணவும் கிடைக்கும் என்று பரங்கிப்பேட்டைக்கு வந்து பாளையம் இறங்கினார். ஜூலை 1 அன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஹைதர் அலியின் படையைச் சந்தித்து வென்றார். கப்பல் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த இடம் அது. போருக்கு அந்தத் துறைமுகத்தின் பெயர் வாய்த்தது பொருத்தமே.

காசின் கதை இன்னும் வேடிக்கை. வராகனை வெள்ளைக்காரர் 'பகோடா' என்பார்கள். அதில் ஒரு வகைக்குப் 'போர்ட்டோ நோவோ பகோடா' என்று பெயர். ஒரு முகத்தில் திருமால் தனியாக நிற்பார். மறுமுகம் மேடு தட்டி, பொடிப்பொடிப் புள்ளிகளாக இருக்கும். கையில் எடுத்தால் சுண்டுவிரல் நகம் அளவு, நடுவில் தொப்பை போட்ட ஒரு பொத்தான். இதே அச்சில் டச்சுக்காரர் நாகப்பட்டினத்திலும் அடித்தார்கள். நாகப்பட்டினத்தில் பிறந்தாலும் காசு சேகரிப்போர் பட்டியலில் அது 'போர்ட்டோ நோவோ வகை'தான். ஊர்ப்பெயர் ஓர் ஊரைக் குறிப்பதை விட்டுவிட்டு ஒரு தினுசைக் குறிக்கத் தொடங்கிய இடம் இது. சேலத்து மாம்பழம் எங்கெங்கோ காய்ப்பதைப் போல.

இரும்புக்கு வருவோம். ஜோசையா மார்ஷல் ஹீத் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு 1830 வாக்கில் இங்கே ஓர் உருக்காலை கட்டினார். தாது சேலத்துக் கஞ்சமலைப் பக்கத்திலிருந்து. எரிக்க நிலக்கரி இல்லை, மரக்கரிதான். இரும்பு நல்ல இரும்பு. வேல்சில் மெனாய் நீரிணையின்மேல் ஸ்டீஃபன்சன் கட்டிய பிரிட்டானியா பாலத்தில் இது போனதாகச் சொல்வார்கள். ஆனால் ஓர் உலையின் வயிற்றை மரக்கரியால் நிரப்பக் காடு காடாக வெட்டவேண்டும். சுற்றியிருந்த காடு தீரத் தீரக் கரியின் விலையும் தூரமும் ஏறின. ஆலை அந்த நூற்றாண்டைத் தாண்டவில்லை. ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அந்த முறையால் கொழுத்தார்கள். அவருக்குக் கிடைத்தது நீதிமன்றப் படிக்கட்டு.

இப்போது ஆப்பிரிக்காவுக்கு. பெனின் நாட்டின் சட்டப்படியான தலைநகரம் போர்ட்டோ நோவோ. இத்தனைக்கும் அது கடற்கரையிலேயே இல்லை. கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, காயல்கரையில் இருக்கிறது. 1752இல் எவுக்கரிஸ்தோ தெ காம்போஸ் என்ற போர்த்துக்கீசிய வணிகர் இந்தப் பெயரைச் சூட்டியதாக மரபு. ஊரைப் பார்த்ததும் அவருக்குச் சொந்த நாட்டுப் போர்ட்டோ நினைவுக்கு வந்ததாம். அப்படியானால் இங்கே 'போர்ட்டோ' வெறும் துறைமுகமல்ல, ஓர் ஊரின் பெயர். 'நோவோ' என்பது நியூயார்க்கில் வரும் 'நியூ'. அதே இரண்டு சொற்கள், வெள்ளாற்று முகத்தில் ஒரு பொருள், கினியாக் கரையில் வேறு பொருள்.

அவர் வரும்போது அது பெயரில்லாத ஊரா? குன் மொழியில் ஹொக்போனு. பெரிய வீட்டின் வாசல் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். யொரூபா மக்கள் அஜாஷே என்றார்கள். போர்ட்டோவின் உறவிலும் வாசல் இருப்பதை முன்னே பார்த்தோம். காம்போசுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அந்த வாசல் வழியாகப் போன சரக்கு மனிதர்கள். காயல் வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுபோய், பிரேசிலின் பாயியாவுக்கும் பிற இடங்களுக்கும் கப்பலேற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் சிலர் விடுதலை பெற்றுத் திரும்பி வந்தார்கள், போர்த்துக்கீசியப் பெயர்களோடும் பிரேசிலியக் கொத்து வேலையோடும். அவர்களுக்கு ஊர் வைத்த பெயர் அகுடா. போர்த்துக்கீசியருக்கும் அதுவே பெயர். நம் 'பறங்கி' செய்த வேலையை அங்கே 'அகுடா' செய்கிறது. அவர்கள் கட்டிய பெரிய பள்ளிவாசலின் முகப்பைப் படத்தில் பார்ப்பவர்கள் அதை மாதா கோயில் என்றே சொல்வார்கள். பாயியா நகரத்துத் தேவாலயங்களின் சுருள் வளைவும் தூண்களும் வண்ணமும் அப்படியே இருக்கின்றன.

1863இல் முதன்முறை பிரெஞ்சுப் பாதுகாப்புக்குள் வந்த ஊர், தோஃபா அரசர் காலத்தில் அதில் நிலைத்தது. 1900இல் டஹோமி குடியேற்ற நாட்டின் தலைநகரமானது. டஹோமி 1975இல் பெனின் என்று பெயர் மாற்றிக்கொண்டபோதும், தலைநகரின் போர்த்துக்கீசியப் பெயரில் யாரும் கைவைக்கவில்லை. நாடாளுமன்றம் அங்கே கூடுகிறது. அமைச்சகங்களும் விமான நிலையமும் கப்பல்களும் மேற்கே கோட்டோனுவில். 'புதுத் துறைமுகம்' என்ற ஊரில் கப்பல் துறைமுகம் இல்லை.

கேப் வெர்டின் சாந்தோ அந்தாவோ தீவில் இருக்கும் போர்ட்டோ நோவோவில் இந்தச் சிக்கல் எதுவுமில்லை. எதிர்த்தீவின் மிந்தேலோவிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் படகு வந்து சேரும் துறைமுகம் அது. போர்த்துக்கீசியர் வந்தபோது அந்தத் தீவுகளில் மனிதரே கிடையாது. ஆகவே மறைக்கப்பட்ட பழைய ஆப்பிரிக்கப் பெயர் ஒன்றும் அடியில் இல்லை. ஸ்பெயினின் கலீசியாவில் ஒரு மீன்பிடி ஊர், இத்தாலியில் அங்கோனாவுக்குப் பக்கத்தில் ஒரு வளைகுடா, இரண்டும் 'போர்ட்டோநோவோ'தான். அங்கே அது உள்ளூர்ப் பேச்சு, இறக்குமதியல்ல. அங்கோனா பக்கத்து ஊரில் 11ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று கடலை ஒட்டி நிற்கிறது. அந்தக் கரைப் பாறைகளில் தானாக விளையும் சிப்பியை 'போர்ட்டோநோவோ மொஷோலோ' என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பெயரில் இன்னும் புதுத் துறைதான்.

புதிது என்று பெயர் வைப்பவர்களுக்கு அது பழசாகும் என்ற கவலை ஒருநாளும் இருந்ததில்லை. நேப்பிள்சும் நாப்லசும் கிரேக்கத்தில் புது நகரம். கார்த்தேஜ் ஃபினீசியத்தில் புது நகரம். அதே பெயரில் ஸ்பெயினில் இன்னொன்று எழுந்தபோது ரோமானியர் அதைப் 'புதுக் கார்த்தேஜ்' ஆக்கினார்கள், அதாவது புதுப் புது நகரம்.

நம் ஊரில் போர்த்துக்கீசியப் பெயர் ஆட்சி வழக்கிலிருந்து போய்விட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அங்கே இருப்பதால், இறாலையும் நண்டையும் மிதவை உயிர்களையும் பற்றிய பழைய கட்டுரைகளில் 'போர்ட்டோ நோவோ நீர்ப்பரப்பு' என்றும் பிந்தியவற்றில் 'பரங்கிப்பேட்டை' என்றும் இருக்கும். இரண்டும் ஒரே வெள்ளாறு என்று தெரியாத வெளிநாட்டு மாணவர் அவற்றை இரண்டு இடங்களாகக் கணக்கிட்டால் குற்றம் சொல்ல முடியாது. ஊர்க்காரர்களோ 'பி.என்.ஓ.' என்று சுருக்கி அதைத் தங்கள் செல்லப்பெயராக்கி வைத்திருக்கிறார்கள். ரயில்வேயும் முழுதாக விடவில்லை: நிலையத்தின் பலகையில் பரங்கிப்பேட்டை, குறியீட்டில் இன்னும் 'பி.ஓ.'