மலையில் இருந்தே டாக்டரைப் பார்க்கலாமா? 'இ-சஞ்சீவனி' எப்படி வேலை செய்யுது? முழு விளக்கம்

கல்வராயன் மலையின் உள்கிராமம் ஒன்றில் இருப்பவருக்கு ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால், மலையை விட்டு இறங்க வேண்டும். பஸ் கட்டணம் ஒருபக்கம், அன்றைய கூலி போவது இன்னொரு பக்கம். இந்த அலைச்சலைக் குறைக்க உதவுவதுதான் வீடியோ மூலம் நடக்கும் தொலை மருத்துவம்.

இ-சஞ்சீவனி என்றால் என்ன?

மத்திய சுகாதாரத் துறையின் இலவச தொலை மருத்துவ சேவை இது. மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2019 நவம்பரில் தொடங்கியது. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், வீட்டில் இருந்தே டாக்டரிடம் பேசும் வசதியும் வந்தது.

எப்படி நடக்குது?

இதில் 2 வழிகள் இருக்கு.

வழி 1: நோயாளி அருகில் உள்ள துணை சுகாதார நிலையத்துக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகிறார். அங்குள்ள நர்ஸ் பி.பி., சுகர் பார்த்து விவரத்தைப் பதிவு செய்கிறார். வேறொரு ஊரில் இருக்கும் டாக்டர் வீடியோவில் வருகிறார். டாக்டர் கேட்பதை நர்ஸ் பரிசோதித்துச் சொல்ல, மருந்துச் சீட்டு ஆன்லைனில் வந்துவிடும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு இதுதான் கைகொடுக்கும்.

வழி 2: சொந்த போனில் இ-சஞ்சீவனி ஆப். மொபைல் எண், ஓ.டி.பி. கொடுத்துப் பதிவு செய்தால் டோக்கன் கிடைக்கும். வரிசைப்படி டாக்டர் பேசுவார்.

எதற்கு இது சரிவராது?

பாம்புக்கடி, நெஞ்சுவலி, பிரசவ வலி, விபத்து என்றால் வீடியோவுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நேரில் பார்த்தே ஆக வேண்டும் என டாக்டர் சொன்னாலும் தள்ளிப்போடக் கூடாது. 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ விதிகளின்படி, போதை தரக்கூடிய சில மருந்துகளை வீடியோ வழியாக எழுதித் தர முடியாது.

சிக்கல் எங்கே?

சிக்னலில்தான். மலைச்சரிவில் இருக்கும் கிராமத்தில் டவர் கிடைக்கவில்லை என்றால், ஆப் இருந்தும் பயனில்லை. நோயாளியின் பக்கத்தில் இருக்கும் நர்ஸ் இல்லாவிட்டாலும் பாதி வேலை நடக்காது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனாலும், கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் தாமாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. திரையில் டாக்டர் வந்தாலும், அவர் 'உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சொன்னால், ஆம்புலன்ஸ் வந்து போக ரோடு வேண்டும்.

போகும்போது எதை எடுத்துட்டுப் போகணும்?

பழைய மருந்துச் சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். எதற்காவது அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் வந்தாலும் அது உதவும்.