தபீபுந் நம்ல்: கைரவானின் எறும்பு வைத்தியர்

கைரவான் என்றதும் எமக்கு உக்பா இப்னு நாஃபிஉ நிறுவிய பள்ளிவாசலும் இமாம் ஸஹ்னூனும்தான் ஞாபகத்துக்கு வரும். பூச்சியியல் வரலாற்றிலும் அவ்வூருக்கு ஓர் இடமுண்டு. அதை எங்கட ஆட்கள் எழுதவில்லை. ஐரோப்பியரும் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை.

1901இல் ஃபெலிக்ஸ் சான்ட்ஷி என்ற சுவிஸ் வைத்தியர் துனீசியாவுக்கு வந்து கைரவானில் குடியேறினார். வைத்தியம் போக மிஞ்சிய நேரமெல்லாம் எறும்புகளோடுதான். ஊரவர் அவருக்கு இட்ட பெயர் 'தபீபுந் நம்ல்'. நம்ல் சூராவை ஓதியவருக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

எறும்பு வாசனையைப் பிடித்துத்தான் புற்றுக்குத் திரும்புகிறது என்பதே அக்காலத்தில் பலரது முடிவு. போன வருடம் வரை நானும் வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொன்னேன். சான்ட்ஷி கையில் எடுத்தது ஒரு கண்ணாடி. புற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்த எறும்புக்குச் சூரியன் தெரியாமல் மறைத்தார். எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியைப் பிடித்து, சூரியன் அங்கே இருப்பதுபோல் காட்டினார். எறும்பு அப்படியே திரும்பி எதிர்த்திசையில் நடந்தது. தரையும் வாசனையும் அப்படியேதான் இருந்தன. சூரியன் மட்டுந்தான் இடம் மாறியது. இதை 1911இல் வெளியிட்டார்.

பின்னர் இன்னுமொன்றைக் கண்டார். சூரியனே தெரியாதபடி சுற்றி அடைத்து, வானத்தில் ஒரு துண்டை மட்டும் காட்டினாலும் எறும்பு திசை தவறவில்லை. அந்தத் துண்டு வானத்தில் அது எதைப் பார்க்கிறது? 1923இல் எழுதியபோதும் அவரிடம் விடை இருக்கவில்லை. 1949இல் கார்ல் ஃபொன் ஃப்ரிஷ் தேனீக்களைக் கொண்டு விடை சொன்னார்: முனைவாக்கப்பட்ட ஒளி. எம் கண்ணுக்குப் பிடிபடாத அந்த ஒளிக்கோலம் பூச்சியின் கண்ணுக்குப் பிடிபடும். 1973இல் ஃபொன் ஃப்ரிஷ் நோபல் பரிசும் பெற்றார்.

சான்ட்ஷி 1940இலேயே மௌத்தாகிவிட்டார். அவரது 1923ஆம் ஆண்டுக் கட்டுரை சுவிட்சர்லாந்தின் ஒரு பிராந்தியச் சங்க ஏட்டில், பிரெஞ்சு மொழியில் கிடந்தது. பல்கலைக்கழகக் கதிரை இல்லாத, தூரத்து ஊரொன்றின் வைத்தியர் எழுதியதைத் தேடிப் படிக்க யாருக்குத்தான் தோன்றும்?

அவரை மீட்டெடுத்தவர் சூரிச் பல்கலைக்கழகத்தின் ரூடிகர் வேனர். 1969 முதல் இவரும் துனீசியாவில்தான் பாலைவன எறும்புகளை ஆராய்ந்தார். 1990இல் சான்ட்ஷி பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்த அரபுப் பெயரைப் போட்டார். அது நியாயமான மரியாதை என்பேன்.

வேனரோடு ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தார் அண்மையில் எறும்பின் மூளைக்குள்ளும் பார்த்தார்கள். புற்றின் இருட்டில் வேலை செய்த எறும்பு, இரை தேடப் போகமுன் இரண்டு மூன்று நாள் வாசலைச் சுற்றிச் சிறுநடை நடக்கும். நின்று நின்று வாசலைத் திரும்பிப் பார்க்கும். அந்த நாட்களில் அதன் மூளையில் பார்வைக்குரிய நரம்பிணைப்புகள் பெருகுகின்றன. ஆனால் வானத்தின் அந்த ஒளிக்கோலத்தை வடிகட்டி மறைத்துவிட்டால், சிறுநடை நடந்தும் அந்தப் பெருக்கம் நிகழ்வதில்லை.